தாய்லாந்தில் ஒரு வீட்டில் சமையல் கற்பது: கேள்விகளும் பதில்களும்

தாய்லாந்து போகும்போது ஒருவர் வீட்டிலேயே அரை நாள் இருந்து சமையல் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் கேட்டவை இவை. பதில்களில் பெரும்பாலும் பச்சைக் கறியையே (அங்கே கேங் கியாவ் வான்) எடுத்துக்கொண்டிருக்கிறேன். விழுது இடிப்பது, தேங்காய்ப் பாலைப் பிரிய வைப்பது, கடைசியில் சுவை சரிபார்ப்பது என எல்லா வேலையும் அதில் உண்டு.

கேள்வி: பயிற்சிக் கூடங்களில் அரை நாளில் ஐந்தாறு பதார்த்தம் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் நடத்தும் ஒருவர் மூன்றுதான் முடியும் என்கிறார். காசும் அவரிடம் அதிகம். எது லாபம்?

மூன்று சொல்பவரிடம் போங்கள். நான்கு மணி நேர வகுப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தைக்கு ஒரு மணி நேரம், விழுது இடிக்க அரை மணி, தேங்காய் துருவிப் பிழிய இருபது நிமிடம், உட்கார்ந்து சாப்பிட முக்கால் மணி. மிச்ச நேரத்தில் ஐந்து பதார்த்தம் செய்ய வேண்டுமானால் எல்லாம் நறுக்கிக் கிண்ணத்தில் வைத்திருக்கும், விழுது டப்பாவிலிருந்து வரும், நீங்கள் கிளறிவிட்டு வருவீர்கள்.

பணம் கட்டும் முன் நாலு விஷயம் கேளுங்கள். விழுதை நான் இடிப்பேனா? தேங்காய்ப் பால் பிழிந்ததா, டப்பாவா? அடுப்பு எனக்குத் தனியா, இல்லை அவர் செய்ய நான் பார்ப்பதா? சந்தைக்குப் போவதென்றால் எத்தனை மணிக்கு? காலைச் சந்தையில் ஒன்பது மணிக்கு மேல் நல்ல சரக்கு மிஞ்சாது. முதல் இரண்டு கேள்விக்கும் ‘தயாராக இருக்கும்’ என்று பதில் வந்தால் வீட்டுக்குப் போய்க் கற்பதில் பொருளே இல்லை.

மூன்றையும் நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் ஒரு கறி, ஒரு சாலட், ஒரு வறுவல் என்று கேளுங்கள். இரண்டு கறி வேண்டாம். கை ஒரே வேலையைத்தான் இரண்டு தடவை செய்யும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதுமா?

போதாது. இறைச்சித் துண்டு இல்லாததே சைவம் என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். மீன் சாறு (நாம் ப்லா) அங்கே உப்பு மாதிரி, அதைத் தனியாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே வகையைச் சொல்லாமல் பொருளைச் சொல்லுங்கள்: மீன் சாறு, இறால் விழுது (கபி), சிப்பி சாஸ், உலர்ந்த இறால், கோழி ரசப் பொடி, இவை ஐந்தும் வேண்டாம். கடையில் வாங்கும் கறி விழுதுகளில் கபி கலந்தே இருப்பது வழக்கம். இதனாலும் விழுதை நீங்களே இடிப்பது நல்லது.

‘ஜே’ என்று ஒரு சொல் உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அதில் மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. ஆனால் பூண்டும் வெங்காய வகைகளும்கூடக் கிடையாது. வெங்காயம், பூண்டு சாப்பிடாதவர்களுக்கு இது வசதி. சாப்பிடுகிறவர் ‘ஜே’ என்று சொல்லிவிட்டால் விழுதின் பாதி உடம்பே போய்விடும்.

மாற்று: மீன் சாறு ஒரு மேசைக்கரண்டி வருமிடத்தில் வெளிர் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியும் கால் தேக்கரண்டி உப்பும். ஒரு தேக்கரண்டி கபிக்குப் பதில் இரண்டு தேக்கரண்டி ‘டாவ் ஜியாவ்’, அதாவது புளிக்க வைத்த சோயா விழுது. இதை ஓரிரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் சொன்னால் கபியை எடுத்துவிட்டு வெறும் உப்போடு நிறுத்திவிடுவார்கள், கறி சப்பென்று போகும்.

கேள்வி: வீட்டுக்காரர் எதையும் அளக்கவே மாட்டார், கண் அளவுதான் என்கிறார்கள். எப்படிக் குறித்துக்கொள்வது?

ஒரு சின்ன மின் தராசு கொண்டு போங்கள். அவர் கையைத் தடுத்து நிறுத்தி அளக்கச் சொல்லாதீர்கள், ஓட்டம் கெட்டுவிடும். பாட்டிலையும் டப்பாவையும் சமையலுக்கு முன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை நிறுத்தால் போதும், குறைந்ததுதான் அளவு. மீன் சாறு தண்ணீரைவிடக் கனம். 15 மில்லி மேசைக்கரண்டி ஒன்று சுமார் 18 கிராம் வரும். பாட்டில் 36 கிராம் குறைந்திருந்தால் இரண்டு கரண்டி.

நேரத்தையும் எழுதுங்கள். ‘பொன்னிறமாகும் வரை’ என்று எழுதி வந்தால் ஊரில் உதவாது. ‘நடுத்தரத் தீ, 4 நிமிடம், பூண்டின் பச்சை வாசனை போனது’ என்று எழுதினால் உதவும்.

சுவை பார்க்கும் இடத்தில் மட்டும் தராசை மறந்துவிடுங்கள். அவர் எதைச் சேர்க்கும் முன் ருசி பார்க்கிறார், பார்த்தபின் எதைக் கூட்டுகிறார் என்று வரிசையைக் குறியுங்கள். முதலில் உப்பு, பிறகு இனிப்பு, புளிப்பு கடைசியில். எலுமிச்சைச் சாறு விடும் பதார்த்தமானால் அடுப்பை அணைத்த பிறகுதான். கொதித்தால் மணம் போய்க் கசப்பு தட்டும்.

கேள்வி: விழுதுக்கு எதை முதலில் போட்டு இடிப்பது? வீட்டில் மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா?

காய்ந்தது முதலில், ஈரமானது கடைசியில். கடினமானது முதலில், மெதுவானது கடைசியில். நாலு பேருக்கான அளவு இது:

கொத்தமல்லி விதை 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, இரண்டையும் வறுத்து, வெள்ளை மிளகு அரை தேக்கரண்டி சேர்த்துப் பொடித்துத் தனியே எடுத்துவிடுங்கள். அடுத்து உரலில் 1 தேக்கரண்டி கல் உப்பும் பச்சை மிளகாயும் (சின்ன காரமிளகாய் 15, நீளமான பெரியது 3). உப்பு, மிளகாய்த் தோலை அறுக்கும் மணல் மாதிரி வேலை செய்யும். மிளகாய் மசிந்த பிறகு பேரரத்தை 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைப் புல் 2 தண்டு (அடியில் உள்ள வெள்ளைப் பகுதி மட்டும், குறுக்கே மெல்லிசாக நறுக்கி), மக்ரூட் எலுமிச்சைத் (தோல் சொரசொரப்பான, மணம் மிகுந்த எலுமிச்சை வகை) தோல் 1 தேக்கரண்டி. தோலில் பச்சையை மட்டும் சீவுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். பிறகு கொத்தமல்லி வேர் 5. அதற்குப் பின்தான் பூண்டு 8 பல், சின்ன வெங்காயம் 5. கடைசியில் பொடித்த மசாலாவும் கபி 1 தேக்கரண்டியும்.

வெங்காயத்தை அவசரப்பட்டு முன்னால் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் விட்டு உரல் வழுக்கும், புல்லின் நார் உலக்கைக்கு அகப்படாமல் நழுவும், ஒரு மணி நேரம் இடித்தாலும் வாயில் நார் தட்டும்.

மிக்ஸியில் ஆகும், ஆனால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரோடு அரைத்த விழுது எண்ணெயில் வதங்காது, வேகும். பிளேடு சுற்றத் திரவம் வேண்டுமென்றால் கறிக்கு வைத்திருக்கும் கெட்டித் தேங்காய்ப் பாலில் இரண்டு கரண்டி எடுத்து ஊற்றுங்கள். அதற்கு முன் நார் உள்ளதை மட்டுமாவது ஐந்து நிமிடம் இடித்துக்கொண்டால் பாதி பழுது தீரும்.

இன்னொன்று. அங்கே இரண்டு உரல் இருக்கும். கறி விழுதுக்குக் கல் உரல், பப்பாளிக்காய் சாலட்டுக்கு (சொம் டாம்) மண் உரலும் மர உலக்கையும். மண் உரலில் விழுது இடிக்கப் போனால் உரல் உடையும், கல் உரலில் பப்பாளி போட்டால் கூழாகும்.

கேள்வி: தேங்காய்ப் பால் எனக்குத் திரிந்து போகிறது. அவர்கள் ஊரில் எப்படித் திரியாமல் செய்கிறார்கள்?

திரியாமல் செய்வதில்லை, வேண்டுமென்றே பிரிய வைக்கிறார்கள். நம் வழக்கத்துக்கு நேர் எதிர் என்பதால் தமிழ்நாட்டுச் சமையல் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுவார்கள்.

நாம் இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம். அங்கே முதல் பால்தான் (‘ஹுவா கத்தி’, தேங்காய்ப் பாலின் தலை என்று பொருள்) முதலில் வாணலியில் விழும். அதுவே தாளிக்கிற எண்ணெய். தேங்காய்ப் பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் புரதம் ஒரு தோல் மாதிரி இருக்கும். சூட்டில் தண்ணீர் வற்ற, புரதம் கெட்டியாகிக் குலைய, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயாகப் பிரியும். தண்ணீர் இருக்கும்வரை வாணலி 100 டிகிரியைத் தாண்டாது, பூண்டும் அரத்தையும் வெந்துகொண்டே இருக்கும். எண்ணெய் பிரிந்த பிறகுதான் வதங்கும், மணமும் எண்ணெயில் இறங்கும்.

செய்முறை: பெரிய தேங்காய் ஒன்று, துருவி, முக்கால் கப் வெந்நீரில் பிழிந்தால் முதல் பால். மறுபடி ஒன்றரைக் கப் நீரில் பிழிந்தது இரண்டாம் பால். முதல் பாலை நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம். ஓரத்தில் எண்ணெய் மினுங்கும், கொதிக்கும் ஓசை மாறிப் பொரிகிற ஓசை வரும். அப்போது விழுது 4 மேசைக்கரண்டி போட்டு 3, 4 நிமிடம். எண்ணெய் பச்சையாக மிதந்தால் காய் அல்லது கோழி 400 கிராம், இரண்டு நிமிடம் பிரட்டி, பிறகு இரண்டாம் பால். காய் வெந்ததும் மீன் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, தென்னை வெல்லம் 2 தேக்கரண்டி, மக்ரூட் இலை ஐந்தாறு கிழித்து. துளசி வகை இலை அடுப்பை அணைக்கும்போது.

எண்ணெய் அளவுக்கு மீறிப் பிரிந்து விழுது கீழே அடிபிடித்தால் இரண்டாம் பாலில் ஒரு கரண்டி ஊற்றினால் போதும், சமாளிக்கலாம்.

கேள்வி: அதே மாதிரி செய்தேன், டெட்ரா பாக்கெட் பாலில். அரை மணி கொதித்தும் எண்ணெய் வரவில்லையே?

வராது. பாக்கெட்டில் பிரியாமல் இருப்பதற்கென்றே குழைமப் பொருள் சேர்த்திருப்பார்கள். உறையில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் இருக்கிற வகையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 2 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிவிட்டு, பாக்கெட் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். முழுதாக அதே ருசி வராது, ஆனால் பச்சை வாசனை போய்விடும்.

கேள்வி: ஊருக்கு வந்தபின் இந்த இலை தழைகளுக்கு எங்கே போவது?

நினைப்பதைவிடப் பாதிக்கு மேல் நம்மிடமே இருக்கிறது. கறியில் பட்டாணி மாதிரி மிதக்கும் ‘மக்குவா புவாங்’ வேறொன்றுமில்லை, பச்சைச் சுண்டைக்காய்தான். ‘கா’ என்பது பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த சித்தரத்தை வேறு, அதைப் போட்டால் கஷாயம் நாறும். இஞ்சியும் மாற்று ஆகாது. பச்சைக் கறியில் போடும் ‘ஹோரபா’வுக்குத் திருநீற்றுப்பச்சிலை நெருங்கிய உறவு. ‘கப்ராவ்’ நம் துளசி இனமே, ஆனால் நம் வீட்டுத் துளசியில் மருந்து வாசம் தூக்கலாக இருக்கும், பாதி அளவு போடுங்கள்.

மக்ரூட் இலைக்கு, வேப்பிலைக்கட்டிக்கு எடுக்கிற மாதிரி கொழுந்து நாரத்தை இலை, நடுநரம்பை உரித்துவிட்டு. கொத்தமல்லி வாங்கும்போது வேரோடு வாங்குங்கள், நாம்தான் அதை வெட்டி எறிகிறோம். கருப்பட்டி போடாதீர்கள், கறி கறுத்துப் புகை வாசம் அடிக்கும். வெளிர் வெல்லம் போதும்.

கேள்வி: வேர்க்கடலை ஒவ்வாமை. போகலாமா?

சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும் அளவு என்றால் வேண்டாம். சாலட் இடிக்கும் உரலில் கடலை ஊறியிருக்கும், கழுவினால் போகாது. லேசான ஒவ்வாமை என்றால் தாய்லாந்து எழுத்தில் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, தனி உரல், கழுவிய வாணலி, புது எண்ணெய் கேளுங்கள். மருந்து பையில் இருக்கட்டும். அங்கே ஆம்புலன்ஸ் எண் 1669. இறால் ஒவ்வாமைக்காரர்களுக்குக் கபிதான் எதிரி, கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: பாட் தாய் (அரிசி நூடுல்ஸ் வறுவல்) கட்டி கட்டியாகிறது. ஏன்?

நூடுல்ஸை வெந்நீரில் ஊறவைத்திருப்பீர்கள். சாதாரணத் தண்ணீரில் 40 நிமிடம், வளையும் ஆனால் கடித்தால் நடுவில் கடினமாக இருக்கும் பதம். மீதி வேக்காடு வாணலியில். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் போடாதீர்கள், வாணலி சூடு இறங்கி மாவு கசியும்.

கேள்வி: சியாங் மாயில் தங்குகிறோம். அங்கே பச்சைக் கறி கற்கலாமா?

கற்கலாம், ஆனால் அது நடுத்தாய்லாந்துச் சமையல். சியாங் மாய் இருக்கும் வடக்கே பல கறிகளில் தேங்காய்ப் பாலே கிடையாது. அந்த ஊரில் காவ் சோய் (கறிக் குழம்பில் நூடுல்ஸ்), நாம் பிரிக் ஓங் (தக்காளியும் இறைச்சியும் சேர்த்த மிளகாய்த் துவையல்), கேங் ஹாங் லே (ஒரு கறி) என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது பர்மாவிலிருந்து வந்தது, அதன் மசாலாப் பொடி நமக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் பன்றி இறைச்சியில் செய்வது. சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: கல் உரல் வாங்கி வரலாமா? விழுது, செடி?

உரல் வரலாம், எட்டு அங்குல உரலே ஐந்து கிலோவைத் தாண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள், உலக்கையைத் துணியில் சுற்றித் தனியே. விழுதும் திரவக் கணக்கில்தான் வரும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். மக்ரூட் நாற்று, அரத்தைக் கிழங்கு, விதை எதையும் இந்தியாவுக்குப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி நடுவதற்கான செடிக்கும் விதைக்கும் அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும்.

இடித்த விழுதை வீட்டில் ஐஸ் தட்டில் உறைய வைத்தால் மூன்று மாதம் நிற்கும்.

கேள்வி: மிளகாய் இடித்த கை எரிகிறது. தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

காரம் தண்ணீரில் கரையாது. முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேயுங்கள், பிறகு பாத்திரச் சோப்பு, இரண்டு தடவை. நகக்கண்ணையும் விடாதீர்கள். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இடிக்கும்போதே கையுறை மாட்டிக்கொள்வது நல்லது.