பழைய யெஸ்டி பைக்கில் சைலன்சர் நட் பக்கம் கறுப்பு ஆயில் ஒழுகுகிறது, எம்-சீல் வைத்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

எம்-சீல் அங்கே நிற்காது. பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) அந்த நட்டால் சிலிண்டரோடு சேரும் இடத்துச் சூட்டில் எபாக்சி கருகி உதிர்ந்துவிடும். பைப்பின் விளிம்பு, சிலிண்டர் வாய், நடுவில் நசுங்கும் செம்பு பேக்கிங் வளையம், இந்த மூன்றும் நேராக உட்கார்ந்தால் அந்த இடத்துக்குப் பசையே தேவைப்படாது. உட்காராவிட்டால் எந்தப் பசையும் தாங்காது.

கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பாருங்கள். யெஸ்டிக்கு ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர். ஒழுகும் ஆயிலைக் காற்று பின்னால் தள்ளிவிடுவதால் கறையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டு நட்டையும் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கில் ஓடும்போதே கூட இருப்பவர் ஒரு சைலன்சரின் பின்வாயைத் தடித்த ஈரத்துணியால் இரண்டு மூன்று விநாடி அழுத்தட்டும். கசிவு இருந்தால் அந்தப் பக்க நட்டில் நுரை கிளம்பும். பிறகு அடுத்த பக்கம்.

நட்டைக் கழற்ற, அதன் காடியில் மாட்டித் திருப்பும் கொக்கி ஸ்பேனர் வேண்டும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. அதில்தான் நட்டின் காடி சிதைகிறது, மரையும் போகிறது. முதல் நாள் இரவே டீசலோ துருவை இளக்கும் ஆயிலோ விட்டு ஊறவையுங்கள். காலையிலும் அசையாவிட்டால் ஆயிலைத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சுடவைத்துத் திருப்புங்கள். அதற்கு முன் டாங்க்கை இறக்கிவிடுங்கள்.

பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்தபடி சுரண்டவோ காற்றடித்து ஊதவோ வேண்டாம். தண்ணீரில் நனைத்து எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டில் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) இருக்கும் கரியையும் இப்போதே எடுத்துவிடலாம். கிக்கரை மெல்ல அழுத்தி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தால் அதன் பக்கச்சுவர் போர்ட்டை மூடிக்கொள்ளும், கரி உள்ளே விழாது. மரக்குச்சியால் சுரண்டினால் போதும், ஸ்க்ரூடிரைவர் கோடு போட்டுவிடும்.

அடுத்து பைப்பின் விளிம்பு. வருஷக்கணக்காகக் கோணலாக இறுக்கிய பைப்பில் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். விளிம்பு முழுக்க மார்க்கர் மை தடவி, கண்ணாடித் துண்டின் மேல் விரித்த 120 நம்பர் உப்புத்தாளில் நாலைந்து முறை தேயுங்கள். மை அழியாத இடம்தான் பள்ளம். சுற்றிலும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். வெடிப்போ ஆழமான பள்ளமோ இருந்தால் கேஸ் வெல்டிங்கில் நிரப்பி லேத்தில் மட்டம் எடுப்பதுதான் வழி.

யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-லேயே மூடிவிட்டதால் இன்று கடையில் கிடைக்கும் பேக்கிங் வளையங்கள் ஆளாளுக்கு ஒரு தடிமன். வாங்கும்போது உள்விட்டத்தைப் பாருங்கள். போர்ட்டைவிடச் சிறியதானால் உள்ளே துருத்தி நிற்கும். தடிமனானால் நட்டுக்கு மரை பிடிக்காது. கையால் சுற்றும்போதே மூன்று நான்கு மரை ஏற வேண்டும். முழுச் செம்பு வளையம் என்றால் மாட்டும் முன் அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுங்கள். செம்பு மென்மையாகி, நசுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மேலே படிந்த கறுப்பை உப்புத்தாளால் துடைத்துவிடுங்கள். ஒருமுறை நசுங்கிய வளையம் இறுகிப்போயிருக்கும், இப்படிக் காய்ச்சாமல் திரும்பப் போட்டால் மறுபடி ஒழுகும். நடுவில் நார் வைத்த தகட்டு வளையம் ஒரு தடவைக்குத்தான்.

மாட்டும் வரிசையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பின்பக்க பிராக்கெட்டை முதலில் முடுக்கிவிட்டு நட்டுக்கு வந்தால் பைப் கோணலாக நின்றுவிடும். நட் இறுகியதுபோலத் தெரியும், ஒரு ஓரம் திறந்தே இருக்கும். நட், நடு கிளாம்ப், பின் பிராக்கெட் எல்லாவற்றையும் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு பைப்பை ஆட்டிப் பாருங்கள். பிறகு நட், கிளாம்ப், பிராக்கெட் என்று முன்னிருந்து பின்னாக முடுக்குங்கள். பிராக்கெட் ஓட்டைக்கு போல்ட் நேராக வராவிட்டால் இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள். வாஷர் கொடுங்கள், இல்லையென்றால் பிராக்கெட்டை நிமிர்த்துங்கள். அந்த இழுவை முழுவதும் நட்டில்தான் வந்து நிற்கும், அதிர்வில் தானாகக் கழன்றுவிடும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் ஒரு முடுக்கு. பிறகு ஒரு நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவாருங்கள். ஆறவிட்டு இன்னொரு முடுக்கு. இந்த இரண்டாவது முடுக்கை விட்டுவிடாதீர்கள்.

பெண்ட் பைப் சைலன்சருக்குள் நுழையும் பின் இணைப்பில் சூடு குறைவு. அங்கே சிவப்பு ஹை-டெம்ப் சிலிக்கான் பயன்படும். தின்னரால் ஆயில் பசை போகத் துடைத்து, மெல்லிய பூச்சாகத் தடவி, கிளாம்பை முடுக்கி, 24 மணி நேரம் வண்டியை எடுக்காமல் விடுங்கள். ஆயில் பசை மேல் தடவினால் தோலாக உரிந்து வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் சைலன்சர் பின்வாயில் ஆயில் சொட்டினால் இணைப்பைக் குறை சொல்ல வேண்டாம். பெட்ரோலில் 2டி ஆயில் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று பாருங்கள். லிட்டருக்கு 40 மில்லி என்பது 25-க்கு 1. "இருக்கட்டுமே" என்று 60 ஊற்றினால் மிச்சம் வெளியே வரத்தான் செய்யும். கலவை சரியாக இருந்தும் புகை அடங்காமல், கியர்பாக்ஸ் ஆயில் மட்டமும் இறங்கிக்கொண்டே போனால் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் ஷாஃப்ட் வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போயிருக்கிறது. இன்ஜின் கியர்பாக்ஸ் ஆயிலை இழுத்து எரிக்கிறது, அதற்கு கிளட்ச் பக்கம் திறக்க வேண்டும்.