வாசகர் கேள்வி – பதில்: பழைய ரைபிளும் புதுத் தோட்டாவும்

கேள்வி: தாத்தா காலத்து .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் ரைபிள் வீட்டில் இருக்கிறது. மவுசர் வகை போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டுத்தண்டு). அப்பாவுக்குப் பிறகு உரிமம் என் பெயருக்கு வந்துவிட்டது. தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் கடைந்தால் போதும், .375 வெதர்பி மேக்னம் ஆகிவிடும் என்கிறார் நண்பர். நம் ஊர் லேத் பட்டறையில் முடியுமா?
– திருவையாறு வாசகர்

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. அறையைக் கடையும் கருவியான ரீமர் உலோகத்தைச் சுரண்டி எடுக்கும், திரும்ப வைக்காது. அதனால் புதுத் தோட்டாக் கூடு பழையதைவிட எல்லா இடத்திலும் பருமனாகவோ நீளமாகவோ இருந்தால்தான் பழைய அறையின் சுவடு முழுக்க மறையும். வெதர்பி அந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. 1912-ல் வந்த ஹாலண்ட் கூட்டை அப்படியே எடுத்து, சரிவைக் குறைத்து, தோளை (கூடு கழுத்தாகக் குறுகும் இடத்தை) அகலமாக்கியதுதான் அது. குண்டும் அதேதான், அடியில் உள்ள பெல்ட் என்ற வளையமும் அதேதான். 300 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 770 மீட்டரில் போனது 850 மீட்டரை எட்டும். ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும்.

இனி மறு பாதி. இந்தத் தோட்டாக்களுக்கு ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் கூடு தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பெல்ட்டில்தான் பிடிக்கப்படுகிறது. பெல்ட் உட்காரும் பள்ளத்தின் ஆழம் 5.59 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ரீமர் அந்தப் பள்ளத்தைத் தொட்டவுடன் நிற்க வேண்டும். மயிரிழை கூடப் போனாலும் கூடு பின்னால் நகர இடம் கிடைத்துவிடும். சுடும்போது பெல்ட்டுக்குச் சற்று முன்னால் பித்தளை இழுபட்டு மெலியும், ஒருநாள் வளையமாக அறுந்து, கொதிக்கும் வாயு போல்ட் வழியே முகத்தை நோக்கி வரும். அதைச் சரிசெய்யக் குழலைக் கழற்றி, மரையைப் பின்தள்ளி, மறுபடி அறை வெட்ட வேண்டும். இந்த இடைவெளியைச் சோதிக்கும் கோ, நோ-கோ கேஜ் இரண்டும் கையில் இல்லாதவர் தொடவே கூடாத வேலை இது. பம்புசெட் ஷாஃப்ட்டை அருமையாகக் கடையும் பட்டறைக்கும் இது பொருந்தும். அறை குழலின் மையத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கூடு ஒரு பக்கம் உப்பும். சீவல் ஒன்று ரீமரில் சிக்கினால் சுவரில் கீறல் விழும், சுட்ட கூடு அங்கே பிடித்துக்கொண்டு வெளியே வராது.

அறை சரியாக அமைந்தாலும் மற்ற பாகங்கள் தாங்க வேண்டுமே. இந்தத் தோட்டாவின் முழு நீளம் 3.6 அங்குலம். சாதாரண நீள மவுசரில் இதை நுழைக்க, தோட்டா ஏறும் சரிவிலிருந்து இரும்பைச் சீவியிருப்பார்கள். அது போல்ட்டின் கீழ் லக் (பூட்டிக்கொள்ளும் புடைப்பு) அழுந்தும் இடத்துக்குப் பின்பலமாக இருக்கும் இடம். அப்படிப்பட்ட ரைபிளில் இன்னும் அழுத்தத்தை ஏற்றுவது ஆபத்து. கூடுதல் உதையில் மரக்கட்டை டேங்குக்கு (இரும்புச் சட்டத்தின் வால் பகுதிக்கு) பின்னால் விரியத் தொடங்கும். குறுக்கு போல்ட்டும் எபாக்ஸி படுகையும் இல்லாத பழைய கட்டைக்கு அது நிச்சயம்.

சட்டம் இன்னும் தெளிவு. 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைச் செப்பனிடவும் மாற்றியமைக்கவும் அதற்கென உரிமம் வேண்டும். உங்கள் உரிமம் வைத்துக்கொள்ளத்தான். அதில் எழுதியுள்ள போர் (bore, குழல் துளையின் அளவு) ஒன்று, கையில் இருப்பது வேறொன்று என்றானால் வழக்கு உங்கள் மேல். பட்டறைக்காரரும் மாட்டுவார். தவிர, காவிரிக் கரையில் இதை எதற்குச் சுடப்போகிறீர்கள்? 1972 வனவிலங்குச் சட்டத்தில் இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. வெதர்பி தோட்டாவை இங்கே தேடி அலைவதும் தனித் தொல்லை. ரைபிளை அப்படியே விடுங்கள். மாற்றாத ஹாலண்டுக்குத்தான் மதிப்பும்.

கேள்வி: .315 ரைபிளை .303 ஆக்க முடியுமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: முடியாது. .303 குண்டு சிறியது, உங்கள் குழல் பெரியது. .303 ராணுவத் தோட்டா என்பதால் தடைசெய்யப்பட்ட போர். பொதுமக்களுக்கு .315 தயாரிக்கப்பட்டதே அந்தத் தடையால்தான்.

கேள்வி: இரட்டைக்குழல் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸில் வீரியம் கூட்டலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: கூடவே கூடாது. இரட்டைக்குழலில் இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவைச் சுட்டுச் சுட்டுத்தான் குழல்களைப் பற்றவைத்திருப்பார்கள். வேகம் மாறினால் குறி சிதறும். .470 போன்ற பெரிய கூடுகளில் அழுத்தத்தைக் குறைவாக வைத்ததும் காரணத்தோடுதான். கார்டைட் என்ற அந்தக்கால வெடிமருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் எகிறும், கூடு ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் காரில் தோட்டாப் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். இன்னொன்று: .450 போருக்கு ஆங்கிலேய அரசு இந்தியாவில் தடை போட்டதன் விளைவாகப் பிறந்த அளவுகளில் .470-ம் ஒன்று.

கேள்வி: உப்புக்காற்றில் துரு ஏறுகிறது. என்ன செய்யலாம்?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: முதலில் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள். தோலும் கம்பளித்துணியும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பூட்டுள்ள இரும்பு அலமாரியில் நிற்க வைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறினால் வாணலியில் மிதமாகச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்த்துணி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டுப்போகும்.

பழைய தோட்டா சுட்டிருந்தால் எண்ணெய் மட்டும் பூசிப் பயனில்லை. அந்தக் காலத்துப் பிரைமர் (தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் மருந்து) உப்பை விட்டுச் செல்லும், உப்பு தண்ணீரில்தான் கரையும். கொதிநீரை அறைப் பக்கமிருந்து குழலுக்குள் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய். அடுத்த முறை சுடும்முன் அறையிலும் குழலிலும் உள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்; வழுக்கும் அறையில் கூடு பிடிமானமின்றி போல்ட்டை முழு பலத்தோடு பின்னால் அடிக்கும்.