தையல் மெஷின் கம்பெனியின் பிஸ்டலுக்கு 4,14,000 டாலரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தையல் மெஷினுக்குப் பேர்போன சிங்கர் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்ததாம். அதில் ஒன்று 4 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதாமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 2017-இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் ஒரு சிங்கர் எம்1911ஏ1 (அந்நாளைய அமெரிக்க ராணுவத்தின் வழக்கமான பிஸ்டல்) 4,14,000 டாலருக்குப் போனது. போர் நெருங்கிக்கொண்டிருந்த 1940-இல், துப்பாக்கியே செய்திராத தொழிற்சாலைகளையும் பழக்கிவைக்க அமெரிக்க அரசு சிறு சிறு ஆர்டர்கள் கொடுத்தது. சிங்கருக்கு வந்தது 500 பிஸ்டல். எஸ்800001 முதல் எஸ்800500 வரை எண்ணிட்டுக் கொடுத்தார்கள். அத்தோடு சரி. பிறகு அந்த நிறுவனம் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணக்கிடும் கருவிகள் செய்யும் வேலைக்குப் போய்விட்டது.

அதே பிஸ்டலை, டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கும் மேல் செய்தது. இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே உட்காரும். சிங்கருக்கு வினையானது இந்தப் பொருத்தம்தான். பழுதுபார்க்க வந்த பிஸ்டல்களை ராணுவப் பட்டறைகளில் மொத்தமாகக் கழற்றி, கைக்கு வந்த பாகத்தை மாட்டித் திருப்பி அனுப்பினார்கள். சிங்கர் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) ஒரு பிஸ்டலுக்கும் அதன் ஃப்ரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்) இன்னொன்றுக்கும் போய்ச் சேர்ந்தன. செய்தபடியே முழுசாகத் தப்பியதற்குத்தான் இந்த விலை.

கேள்வி: ஒருவர் சிங்கர் என்று சொல்லி ஒன்றை விற்க வருகிறார். எதை எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் மேகஸினை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் கூட்டைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்வாய் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகஸின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும்.

ஸ்லைடின் இடப்புறம் ‘எஸ். எம்எஃப்ஜி. கோ.’ என்றும், அதன் கீழே ‘எலிசபெத், என்.ஜே., யு.எஸ்.ஏ.’ என்றும் இருக்க வேண்டும். ஃப்ரேமில் ராணுவ ஆய்வாளரின் ‘ஜேகேசி’ முத்திரை இருக்கும். நிறம் ப்ளூயிங்கின் (துருப் பிடிக்காமலிருக்க இரும்பின் மேற்பரப்புக்கு ரசாயனத்தால் ஏற்றும் நிறம்) கருநீலம். பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சின் சாம்பல்-பச்சை நிறமாக இருந்தால், அது பின்னாளில் பட்டறைக்குப் போய் வந்தது என்று பொருள்.

அடுத்து வரிசை எண். பத்து மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு, விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள். பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புது எண் அடித்திருந்தால், அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து, ஒளிக்கோடு அங்கே வளையும். எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் பாருங்கள். ப்ளூயிங்குக்கு முன்பே அடித்த எண்ணாக இருந்தால் பள்ளத்தின் அடியிலும் அதே நிறம் இருக்கும். வெள்ளை உலோகம் பளிச்சிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: வெறும் தகரத்தில் செய்த ‘லிபரேட்டர்’ பிஸ்டலுக்கும் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்களே, ஏன்?

பதில்: 1942-இல், ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குப் பிரிவு இண்டியானா மாநிலத்து ஆண்டர்சனில் சில மாதங்களுக்குள் சுமார் 10 லட்சம் செய்து தள்ளியது. ஒன்றுக்கு ஆன செலவு 2 டாலர் 10 சென்ட். எதிரியின் பிடியில் இருந்த நாடுகளின் எதிர்ப்புப் படைகளுக்குக் கொடுப்பதற்காக அடித்துச் செய்தது. குழலுக்குள் சுருள் வரி கிடையாது. ஒரு குண்டு சுட்டதும், கூடவே வரும் மரக்குச்சியால் காலித் தோட்டாவைத் தள்ளி எடுக்க வேண்டும். ஆனால் பெரும்பகுதியை விநியோகிக்காமலேயே அழித்துவிட்டார்கள்.

இதில் பிஸ்டலைவிட அரியது அது வந்த அட்டைப் பெட்டி. மெழுகு பூசிய பெட்டி, 10 தோட்டா, மரக்குச்சி, ஒரு வார்த்தைகூட இல்லாத படக்குறிப்புத் தாள் எல்லாம் சேர்ந்து இருந்தால் விலை பல மடங்கு ஏறும். அதனாலேயே பெட்டிக்கும் தாளுக்கும் நகல்கள் அச்சாகி வருகின்றன. புத்தம் புது வெள்ளைத் தாளைக் கண்டால் உஷார்.

கேள்வி: இதுவரை பெரிய விலைக்குப் போன ராணுவக் கைத்துப்பாக்கிகள் எவை? செய்தியில் வரும் தொகை முழுவதும் விற்றவருக்குத்தான் போகிறதா?

பதில்: அமெரிக்க விடுதலைப் போரில் உடன் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் பரிசளித்து, ஜார்ஜ் வாஷிங்டன் வைத்திருந்த ஜோடி பிஸ்டல்கள் 2002-இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 19,86,000 டாலருக்குப் போயின. 1814-இல் நெப்போலியன் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்த ஜோடி 2024 ஜூலையில் ஃபோந்தென்ப்ளோவில் 16,90,000 யூரோ. ஏலத்துக்குச் சற்று முன்பு பிரான்ஸ் அரசு அவற்றைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்து, நாட்டை விட்டுப் போகாமல் தடுத்துக்கொண்டது. 1847-இல் மொத்தமே 1,100 செய்த கோல்ட் வாக்கர் ரிவால்வரில், பெட்டியோடு தப்பிய ஒன்று 2018-இல் 18,40,000 டாலருக்குப் போனது.

செய்தித் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கமிஷனும் சேர்ந்திருக்கும். 2008-இல் இன்னொரு வாக்கர் ஏலம் முடிந்தது 8 லட்சம் டாலரில். அதன்மேல் 15 சதவீதம் சேர்ந்து செய்தியில் வந்தது 9,20,000. விற்றவரின் கமிஷன் அந்த 8 லட்சத்திலிருந்து தனியாகக் கழியும்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்றும் இல்லை. 1907 அமெரிக்க ராணுவச் சோதனைக்கு வந்த .45 அங்குலக் குழல் கொண்ட லூகருக்கு (ஜெர்மன் பிஸ்டல்) ‘மில்லியன் டாலர் லூகர்’ என்றே பெயர். 2010 ஏலத்தில் அதற்குக் கிடைத்தது 4,94,500 டாலர்.

கேள்வி: குடும்பத்தில் வந்த லூகர் பிஸ்டல் ஒன்று மங்கிக் கிடக்கிறது. விற்பதற்கு முன் பாலிஷ் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தேய்ந்த ப்ளூயிங் குறையே இல்லை. புதிதாகப் பூசிய ப்ளூயிங்தான் விலையை இறக்கும். பாலிஷ் சக்கரம் விளிம்புகளை உருட்டிவிடும், முத்திரைகளை மழுக்கிவிடும். போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

ஆயுதச் சட்டப்படி உங்கள் உரிமம் சரியாக இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே சொன்னபடி காலி செய்து, கையுறை போட்டு, துப்பாக்கி எண்ணெய் லேசாகத் தொட்ட மெல்லிய துணியால் ஒத்தி எடுங்கள். விரல் வியர்வையின் உப்பு சில நாளிலேயே ரேகை வடிவில் துருவாகும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிடும் ரசாயனமும் அது இழுக்கும் ஈரமும் இரும்பில் பொட்டுப் பொட்டாகக் குழி விழ வைக்கும். உறையைத் தனியாக வையுங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் விலை உண்டு.

ராணுவ லூகரின் ஃப்ரேமில் இருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் சின்னச் சின்னப் பாகங்களிலும் இருக்கும். ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பொருந்துவது, பொருந்தாதது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். மேகஸின் எண்ணும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்தான். போர்முனையில் கைப்பற்றியதற்கான ராணுவ அனுமதிச் சீட்டு வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் பிஸ்டலின் வரிசை எண் எழுதியிருந்தால்தான் பயன். ‘ஒரு பிஸ்டல்’ என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பிஸ்டலுக்கும் பொருந்தும்.