மகள் பூச்சி மூளையை ஆராயப் போகிறாளாம்... விடலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். டாக்டருக்கு வேண்டாம், பூச்சிகளின் ஞாபகசக்தியை ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதில் பிழைப்பு இருக்கிறதா?

பதில்: முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. பிழைப்பு இருக்கிறது, ஆனால் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தைக் குடும்பம் தாங்குமா என்பதைத்தான் பேச வேண்டும். 'போயும் போயும் பூச்சியா' என்ற பேச்சு வேண்டாம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களையே பாருங்கள். கோடை மழை விழுந்ததும் வெள்ளை வெளேரென்று பூத்து, தேனீ மொய்க்கும். காபிப் பூவின் தேனில் கொஞ்சம் காஃபின் உண்டு. அதே அளவு காஃபினைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால், பூவாசனையை மறுநாளும் ஞாபகம் வைத்திருக்கும் தேனீக்கள் மூன்று மடங்காகின்றன என்று 2013-ல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. தேனீயின் ஞாபகத்தை எப்படி அளப்பார்கள்? தலை மட்டும் வெளியே தெரிய ஒரு சின்னக் குழாயில் வைத்து, வாசனை காட்டி, உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைப்பார்கள். நாக்கை நீட்டும். சில தடவை இப்படிச் செய்தபின் வெறும் வாசனைக்கே நீட்டும். மறுநாளும் நீட்டினால் மறக்கவில்லை என்று அர்த்தம்.

1976-ல் அமெரிக்காவில் மரபியல் ஆய்வாளர் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில், எவ்வளவு பழக்கினாலும் பாடம் ஏறாத ஒரு பழ ஈ வகையைக் கண்டுபிடித்து 'டன்ஸ்' (மக்கு) என்று பெயர் வைத்தார்கள். அதில் கெட்டுப்போயிருந்தது சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைச் சிதைக்கும் நொதி. அதே மூலக்கூறு கடல் நத்தையின் ஞாபகத்திலும் வேலை செய்வதைக் காட்டிய எரிக் கேண்டலுக்கு 2000-ல் நோபல் கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபல். இதை அவள் அப்பாவிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

சரி, வழிக்கு வருவோம். மத்திய அரசின் அறிவியல் கல்வி-ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களில் ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். நுழைவுத் தேர்வில் கணக்கும் உண்டு என்பதால் பயோ-மேத்ஸ் அவளுக்குச் சாதகம். அது கிடைக்காவிட்டால் உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தும் இதே இடத்துக்கு வரலாம், சுற்று வழிதான். அப்புறம் பிஎச்.டி. பெங்களூரில் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பென்சரோடு சேர்ந்து ஆய்வு செய்த ஒபைத் சித்திக்கி உருவாக்கிய நிறுவனம் அது. தேசிய அளவில் தேர்வு எழுதி சிஎஸ்ஐஆர் நெட்-ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆக, பிஎச்.டி.க்கு உங்கள் கையிலிருந்து பெரிதாகப் பணம் போகாது.

போவது வருடங்கள்தான். பிஎச்.டி. ஐந்தாறு வருடம், அதற்குப் பிறகு வெளிநாட்டில் போஸ்ட்-டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை மூன்று நாலு வருடம். நிரந்தர வேலை கிடைக்க முப்பத்தைந்தை நெருங்கிவிடும். அதுவரை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் 'பொண்ணு இன்னுமா படிக்குது?' என்பார்கள். பிஎச்.டி. முடித்த எல்லாருக்கும் பேராசிரியர் வேலையும் கிடைப்பதில்லை. அதனால்தான் இப்போதிருந்தே பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் பழகட்டும் என்கிறேன். ஈக்களின் நடமாட்டத்தை வீடியோவில் அலசத் தெரிந்தவருக்கு டேட்டா வேலைக்குப் போகவும் கதவு திறக்கும்.

நீட்டையும் எழுதட்டும், ஒன்றையொன்று தடுக்காது. உங்களுக்குப் பொருந்துமானால், ஐசர் இடஒதுக்கீட்டுக்காக மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். மாநில சாதிச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடும் பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.