ஒரு வரி கோட் ஒட்டினால் பார்வையற்றவர் ஏர்கான் சர்வீஸ் புக் செய்துவிடுவாரா?

கேள்வி: சிங்கப்பூரில் சின்னதாக ஏர்கான் சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறோம். பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் இணையதளத்தில் புக் செய்ய முடியவில்லை என்றார். ஒரு வரி கோட் சேர்த்தால் போதும், தளம் எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்கிறார் ஒரு வெண்டர். வருடச் சந்தா. வாங்கலாமா?

பதில்:

வாங்காதீர்கள். அந்தக் காசை டெவலப்பருக்குக் கொடுத்து புக்கிங் படிவத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அவர் விற்பது ஓவர்லே. பக்கத்தின் மூலையில் ஒரு மனித உருவ ஐகான் வரும். தட்டினால் எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தை மாற்று என்று பட்டியல் திறக்கும். பார்வையற்றவர் கைப்பேசியில் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் (ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. அவருக்கு இல்லாதது ஒன்றுதான்: எந்தப் பெட்டியில் என்ன நிரப்ப வேண்டும் என்ற தகவல். அது உங்கள் பக்கத்தை உருவாக்கும் கோடான எச்டிஎம்எல்லில் இல்லையென்றால், வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் ஊகிக்கத்தான் முடியும். படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி. அமெரிக்காவில் இப்படி ‘எந்தத் தளத்தையும் தரத்துக்கு ஏற்றதாக்குவோம்’ என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2025இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஓவர்லே விற்கும் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். யாருக்கோ ஏதோ ஒரு வகையில் உதவலாம். புக்கிங்கே ஓடாத தளத்துக்கு அது முதல் செலவு இல்லை, அவ்வளவுதான்.

கொட்டேஷனில் ‘ஏடிஏ கம்ப்ளையன்ட்’ என்று எழுதியிருந்தால் இன்னும் உஷாராகுங்கள். ஏடிஏ என்பது உடற்குறையுள்ளோருக்கான அமெரிக்கச் சட்டம். ஈசூனில் வேன் நிறுத்தி வேலை பார்க்கிற கம்பெனியை அதைக் காட்டி பயமுறுத்துவது வியாபாரத் தந்திரம். இங்கே அரசாங்கத் தளங்களுக்கு அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் டிஜிட்டல் சேவைத் தரநிலைகள் உண்டு. கட்டடங்களுக்கு பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) விதிகள் உண்டு. தனியார் தளம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. ‘அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும்’ என்று கேட்கிறவர்கள், கேள்வியில் இருக்கும் வாடிக்கையாளர் காசு கொடுக்க வந்தவர் என்பதைக் கவனிக்கவும்.

அளவுகோல் என்று ஒன்று வேண்டுமென்றால், தளம் எல்லாருக்கும் ஏற்றதாக இருப்பதற்கான அனைத்துலக விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை. 2023 அக்டோபரில் வெளியானது. முழுவதையும் படிக்கத் தேவையில்லை. முகப்பு, விலைப்பட்டியல், படிவம், உறுதிச் செய்தி என்ற ஒரே பாதையை முதலில் எடுங்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கம் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும்.

மௌஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு புக்கிங் போட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லையா? நிற்கும் இடத்தைச் சுற்றிக் காட்டும் கோடான அவுட்லைனை யாரோ அழகுக்காக சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்துக்கான கோட்) ‘நன்’ (none) என்று அணைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு 3 பிக்சல் அடர்நிறக் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்து ஐபோனில் வாய்ஸ்ஓவரைப் போட்டு, மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுப்பாகிவிடும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் தேர்வு. திரையைப் பார்க்காமல் உங்கள் சொந்த சர்வீஸை புக் செய்யுங்கள்.

விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்; அதையும் ஓட்டுங்கள். இந்த மாதிரிப் படிவங்களில் அது பெரும்பாலும் ‘எடிட், பிளாங்க்’, ‘எடிட், பிளாங்க்’ என்றே சொல்லிக்கொண்டு போகும். காரணம், பெட்டிக்கு மேலே ‘பெயர்’ என்ற எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, லேபிள் டேகின் ‘ஃபார்’ (இது எந்தப் பெட்டியின் பெயர் என்று சொல்லும் பண்பு) அந்தப் பெட்டியின் ஐடியோடு இணைக்கப்படவில்லை. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் பிளேஸ்ஹோல்டர் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும், மறதி உள்ளவருக்கும் சிரமம்.

ஏர்கான் படிவத்துக்கே உரிய இடறல்கள் நாலைந்து உண்டு. யூனிட் எண்ணிக்கைக்கு வைக்கும் கூட்டல், கழித்தல் குறிகள் பெரும்பாலும் வெறும் டிவ், அதாவது பட்டன் என்ற அடையாளமே இல்லாத பெட்டி. டேப் அங்கே நிற்காது. உண்மையான பட்டன் டேகாக மாற்றி ‘ஒரு யூனிட் கூட்டு’ என்று பெயர் கொடுங்கள், இல்லையென்றால் 1 முதல் 8 வரை ஒரு செலக்ட் பெட்டி வைத்துவிடுங்கள். தேதிக்கு அலங்கார காலண்டர் வேண்டாம். எப்படியும் நீங்கள் தரப்போவது இரண்டு வாரத்து ஸ்லாட்தான். ‘புதன், காலை 9 முதல் 11 வரை’ என்று ரேடியோ பட்டன்களாக அடுக்கினால் எல்லாருக்கும் வேகம். நிரம்பிய ஸ்லாட்டைச் சாம்பலாக்கினால் மட்டும் போதாது, ‘நிரம்பியது’ என்று எழுதவும் வேண்டும்.

ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் போட்டதும் புளோக்கும் தெருவும் தானாக நிரம்பும் வசதி இங்கே பல தளங்களில் இருக்கிறது. பார்க்கிறவருக்கு சுகம். கேட்கிறவருக்கு ஒன்றும் நடந்ததே தெரியாது; அவர் தெருப் பெயரை மறுபடி அடித்து இரட்டிப்பாக்குவார். முகவரி தோன்றும் இடத்துக்கு ஏரியா-லைவ் (aria-live) என்ற பண்பை ‘பொலைட்’ என்று கொடுத்தால் ஸ்கிரீன் ரீடர் அதை வாசித்துக் காட்டும். வீவக வீட்டு எண்ணுக்குத் தனிப் பெட்டி, பக்கத்திலேயே ‘உதாரணம்: #05-123’ என்று நிரந்தரமாக ஒரு வரி. # இல்லாமல் அடித்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் குறிக்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்கிவிட்டு நின்றுவிடாதீர்கள். ‘கைப்பேசி எண்ணில் 8 இலக்கம் வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லுங்கள்; அந்த வரியை ஏரியா-டிஸ்கிரைப்டுபை (aria-describedby) என்ற பண்பு மூலம் பெட்டியோடு கட்டுங்கள்; முதல் பிழைக்கு ஃபோகஸை (டேப் நிற்கும் இடத்தை) கொண்டுபோங்கள்.

ஸ்பேமுக்காக டிராஃபிக் லைட் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேப்சாவை எடுத்துவிட்டு ஹனிபாட் வைக்கலாம்: மனிதர் கண்ணுக்குப் படாத ஒரு பெட்டி, போட் (ஸ்பேம் அனுப்பும் தானியங்கி நிரல்) மட்டும் நிரப்பும். ஆனால் அந்தப் பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளி ஒளித்தால் ஸ்கிரீன் ரீடர் அதையும் வாசிக்கும், நல்ல மனிதர் நிரப்புவார், உங்கள் சர்வர் அவரை போட் என்று சத்தமில்லாமல் தூக்கிப்போடும். டிஸ்ப்ளே ‘நன்’ கொடுத்து முழுதாக மறைக்க வேண்டும். ‘படிவம் அனுப்பினேன், பதிலே இல்லை’ என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மிதக்கும் வாட்ஸ்அப் பொத்தான் இல்லாத சர்வீஸ் தளம் சிங்கப்பூரில் இருக்கிறதா தெரியவில்லை. இருக்கட்டும். ஆனால் அதற்கு ஏரியா-லேபிள் (ஸ்கிரீன் ரீடருக்கான பெயர்) இல்லையென்றால் லிங்க் முகவரியை எண் எண்ணாக ஓதும். திரையை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் அது ‘அனுப்பு’ பொத்தானின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஃபோகஸில் இருப்பதை இப்படி முழுதாக மறைக்கக்கூடாது என்பது டபிள்யூசிஏஜி 2.2இல் புதிதாக வந்த விதி. அந்தப் பச்சையில் வெள்ளை எழுத்து வேறு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 2:1தான், தேவை 4.5:1. கறுப்பு எழுத்துக்கு மாற்றினால் தாராளமாகத் தேறும். வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் தேறாது, #767676 மயிரிழையில் தேறும்.

பேநவ்வுக்கு க்யூஆர் படம் மட்டும் போட்டு ‘ஸ்கேன் செய்யவும்’ என்றால், கைப்பேசியில் புக் செய்கிறவர் அதே கைப்பேசியை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வார்? பார்வை இருப்பவருக்கே தலைவலி. யூஇஎன் எண் (நிறுவனப் பதிவு எண்), தொகை, ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் காப்பி செய்யக்கூடிய எழுத்தாகக் கீழே கொடுங்கள்.

செவித்திறன் குறைந்தோரை இந்தத் தொழிலில் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். ‘உறுதிசெய்ய நாங்கள் அழைப்போம்’ என்று முடிகிற படிவம் அவர்களுக்கு மூடிய கதவு. ‘அழைப்பு / வாட்ஸ்அப் செய்தி / மின்னஞ்சல்’ என்று ஒரு தேர்வு வையுங்கள். அதைவிட முக்கியம், அந்தத் தேர்வு டெக்னீஷியனின் ஜாப் ஷீட்டில் அச்சாக வேண்டும். இல்லையென்றால் அவர் புளோக்குக்குக் கீழே நின்று மூன்று முறை போன் அடித்துவிட்டு ‘ஆள் இல்லை’ என்று போய்விடுவார்.

விலைப்பட்டியல் பெரும்பாலும் கேன்வாவில் செய்த ஒரு படம். ஜெனரல் சர்வீசிங், கெமிக்கல் வாஷ், கேஸ் டாப்-அப், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வெள்ளி என்பதெல்லாம் படத்துக்குள். படத்துக்கான விளக்க எழுத்தான ஆல்ட்டில் ‘விலை’ என்று எழுதினால் தீராது. எச்டிஎம்எல் டேபிளாகவே போடுங்கள், தலைப்புச் செல்களுக்கு டிஎச் டேக்.

தமிழ்ப் பக்கமும் வைத்திருந்தால் அந்தப் பகுதியின் மொழி எது என்று சொல்லும் லாங் (lang) பண்பு தமிழுக்கானதாக இருக்க வேண்டும். ஆங்கிலம் என்று விட்டால் ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கும் அல்லது கடித்துத் துப்பும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழ், உள்ளே அத்தனையும் ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாற்றாமல் வழியில்லை. பொத்தானின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டியிருந்தால் தமிழில் உகரக் கொக்கி அறுபடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: தீபாவளி பேனர்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று தமிழைச் சிதைத்துத் தொங்கவிடுவதற்குத் தமிழ் கஷ்டமான மொழி என்பது காரணமில்லை. அடோபி மென்பொருளில் எழுத்துகளை அடுக்கும் கம்போசரை ‘வேர்ல்ட்-ரெடி’க்கு மாற்றாமல் ஒட்டுகிறார்கள். ஒரு செட்டிங். அச்சுக்குப் போகும்முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்ட இந்த ஊரில் ஆளா இல்லை?

சரி, சோதனைக்கு வருவோம். வேவ், ஆக்ஸ் போன்ற இலவசக் கருவிகள், கவ்டெக் வெளியிட்ட ஊபி, எல்லாம் ஓட்டுங்கள். லேபிள் இல்லாததையும் நிற வேறுபாட்டையும் நன்றாகப் பிடிக்கும். ‘படம்1’ என்று ஆல்ட் இருந்தால் ‘இருக்கிறது, பாஸ்’ என்றுதான் பெரும்பாலும் சொல்லும். நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கத்திலும் புக்கிங் முடியாமல் போகலாம். அதனால் கொட்டேஷனில் இதையும் எழுதி வாங்குங்கள்: கீபோர்டு மட்டும், என்விடிஏ, ஐபோன் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டு டாக்பேக் ஆகிய நான்கிலும் ஒரு புக்கிங் முதல் பக்கத்திலிருந்து உறுதிச் செய்தி வரை உங்கள் கண்முன் முடிந்த பிறகுதான் கடைசித் தவணை. வேர்ட்பிரஸ் என்றால் தீம் (தள வடிவமைப்பு) தேடும்போதே ‘ஆக்ஸசிபிலிட்டி ரெடி’ ஃபில்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி வேலை குறையும்.

எல்லாம் மாற்றியதும் புகார் சொன்ன அந்த வாடிக்கையாளரையே கூப்பிட்டு, அவர் நேரத்துக்குக் காசு கொடுத்து, ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சர்வீஸை இலவசமாகச் செய்துகொடுத்து ஈடுகட்டலாம் என்று நினைக்கவேண்டாம். சோதனையும் வேலைதான், பில் போடச் சொல்லுங்கள்.