போனில் வெயில், மலையில் மழை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜூன் மாதத்தில் போனில் மழை ராடரைப் பார்த்தால் எங்கள் தோட்டத்துக்கு மேல் ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. வெளியே விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. கோளாறு போனிலா, ராடரிலா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: இரண்டிலும் இல்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ராடர் படமே அல்ல. ராடர் ஓரிடத்தில் நின்று சுழன்று, மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையை அளக்கும் கருவி. தமிழ்நாட்டுக் கரையோரமாகக் காரைக்காலில் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து நுவரெலியா ஏறத்தாழ 450 கிலோமீற்றர். அரைப் பாகை சாய்வில் புறப்படும் கற்றை, பூமி வளைந்திருப்பதால், மலையகத்துக்கு வந்து சேரும்போது 15 கிலோமீற்றருக்கும் மேலே போய்விடும். மழை அதற்கு வெகு கீழே பெய்துகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு அந்தப் படம் உதவும், உங்களுக்கு உதவாது.

அந்த வெற்றிடத்தைப் பல வானிலை அப்கள் செய்மதியை வைத்து நிரப்புகின்றன. செய்மதி மேக உச்சியின் குளிரை அளந்து, குளிர் கூடினால் மழையும் கூடும் என்று கணக்குப் போடுகிறது. ஒக்டோபர் இடிமேகத்துக்கு அது ஓரளவு சரி. தென்மேல் பருவக்காற்று மேகமோ, காற்று கினிகத்தேனை, வட்டவளைச் சரிவுகளில் மோதி மேலேறும்போது உண்டாகும் தாழ்ந்த மேகம். உச்சி அவ்வளவாகக் குளிராது, மழை மட்டும் நாள் முழுக்க விடாது. செய்மதிக்கு அது வெறும் மூட்டமாகத்தான் தெரியும். இடிமேகம் ஓய்ந்தபின் உயரத்தில் பரந்து கிடக்கும் மெல்லிய மேகம் இதற்கு நேர்மாறு. அது குளிர்ந்திருப்பதால் வெயிலடிக்கும் ஊரின் மேலும் நிறம் பூசிவிடும்.

ராடரா இல்லையா என்று அறிய, படத்துக்குக் கீழேயுள்ள நேரக்கோட்டை நாளை வரை இழுத்துப் பாருங்கள். இழுபட்டால் அது கணினிக் கணிப்பு. எந்த ராடரும் நாளைய மழையைப் பார்த்ததில்லை.

கேள்வி: உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்க வேண்டும். அப் "60 வீதம் மழை" என்கிறது. அடிக்கலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: 60 வீதம் என்பது மழையின் அளவல்ல. உங்கள் இடத்தில், அந்த நேரத்துக்குள், அளக்கக்கூடிய மழை விழும் வாய்ப்பு. சிறு தூறல் விழுந்தாலும் கணிப்பு பலித்ததாகிவிடும். நாள் முழுவதற்குமான வீதத்தை விட்டுவிட்டு மணித்தியாலக் கணக்கைத் திறவுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகல் 1, 2 மணிக்குப் பிறகுதான். பனி காய்ந்ததும் தொடங்கிப் 10 மணிக்குள் முடித்தால் மருந்து இலையில் ஒட்டிக் காய நேரம் கிடைக்கும். எத்தனை மணித்தியாலம் காய வேண்டும் என்பதை போத்தல் லேபலில் பாருங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும். டிசம்பர், ஜனவரியில் இந்தக் காலைக் கணக்கை நம்ப வேண்டாம். வடகீழ்ப் பருவமழை உங்கள் ஊவாச் சரிவில் நேரங்காலம் பார்க்காது.

ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை உங்கள் ஊருக்கு அப் மழை காட்டினால் சந்தேகப்படுங்கள். உலகக் கணிப்பு மாதிரிகள் நிலத்தை 9 கிலோமீற்றர், 25 கிலோமீற்றர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் மேடு பள்ளத்தைச் சராசரியாக்கிவிடுகின்றன. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நேர்கோட்டில் 20 கிலோமீற்றர் அளவுதான். ஹட்டன் பக்கம் கொட்டித் தீர்த்த காற்று முகடு தாண்டி உங்களிடம் வறண்டு இறங்குகிறது. அந்த மாதங்களில் மழையைவிடக் காற்றைப் பார்த்து மருந்தடியுங்கள். அப் எந்த ஊரைப் பிடித்திருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையின் கணிப்பு, 1200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளைக்கே பொருந்தாது.

கேள்வி: வளிமண்டலவியல் திணைக்களம் "சில இடங்களில் 100 மி.மீ." என்றது. எங்களுக்கு ஒரு சொட்டும் இல்லையே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அறிக்கை மாகாணத்துக்கு, இடிமழை ஒரு பள்ளத்தாக்குக்கு. "சில இடங்களில்" என்ற சொல்லைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம்.

கேள்வி: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. தோட்ட லயத்து வீட்டிலிருந்தே மழையை அளந்து பார்க்க முடியுமா?
– வாசகி, கொஸ்லந்தை

பதில்: முடியும். பக்கங்கள் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும், இடுப்பு ஒடுங்கியது வேண்டாம். கழுத்துப் பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, புனல்போலத் தலைகீழாகச் செருகி டேப் ஒட்டுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, குழிகள் மறைந்து நேர்ப்பக்கம் தொடங்கும் வரை தண்ணீர் விட்டு அங்கே கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால், கோட்டுக்கு மேல் அடிமட்டம் காட்டும் மில்லிமீற்றரே மழையின் மில்லிமீற்றர். கம்பில் நிமிர்த்திக் கட்டுங்கள். கூரைத் தண்ணீரோ நிழல் மரத்துச் சொட்டோ விழக்கூடாது. மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வைப்பது நல்லது. திணைக்களம் போலவே காலை 8.30க்கு அளந்து எழுதி, கோடு வரை தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவாகச் சொல்லும் எல்லை: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு (மஞ்சள்), 100 தாண்டினால் ஆயத்தம் (செம்மஞ்சள்), 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம் (சிவப்பு). கடும் மழையில் 8.30 வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை பாருங்கள். போத்தலில் 40தான் இருக்கிறது என்று சிவப்பு எச்சரிக்கையைத் தட்டிக் கழிக்கவும் வேண்டாம், உங்களுக்கு மேலேயுள்ள மலையில் எவ்வளவு பெய்தது என்று உங்கள் போத்தலுக்குத் தெரியாது. மழை விட்டபின்னும் மண் நீரைச் சுமந்தபடிதான் இருக்கும். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், இறுகித் திறக்க மறுக்கும் கதவு, திடீரென்று கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திராமல் வெளியேறிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.