200 ரேண்ட் கட்டினால் விட்டுவிடுவார்களா?

கேள்வி: டர்பனில் துணி ஃபேக்டரியில் வேலை பார்த்தவள் நான். 2019 மார்ச்சில் வேலை போனதிலிருந்து கிரெடிட் கார்டுக்குக் காசு கட்டவில்லை. ஃபீனிக்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு சாட்ஸ்வர்த்தில் மகளோடு இருக்கிறேன். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஒரு வசூல் கம்பெனிக்காரர்கள் தினமும் போன் செய்கிறார்கள். "200 ரேண்ட் போடுங்கள், கேஸ் போட மாட்டோம்" என்கிறார்கள். அரசாங்கம் தரும் கிராண்ட் பணத்தில் கட்டிவிடவா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. "மாசக் கடைசியில் பார்க்கிறேன்" என்றுகூடப் போனில் சொல்லாதீர்கள், அவர்கள் பேச்சைப் பதிவு செய்வார்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் 1969ஆம் வருடச் சட்டப்படி கார்டு கடனைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகக் கெடு 3 வருடம், அது தாண்டினால் கடன் செல்லாது. இதைப் பிரிஸ்கிரிப்ஷன் என்பார்கள், டாக்டர் சீட்டுக்கும் அதே பேர்தான், குழம்ப வேண்டாம். அந்த 3 வருடத்துக்குள் நீங்கள் கொஞ்சம் காசு கட்டியிருந்தாலோ, கடன் என்னுடையதுதான் என்று வாயால் ஒத்துக்கொண்டிருந்தாலோ, அன்றிலிருந்து கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். அப்படி எதுவும் நடக்கவில்லை, கோர்ட்டுக்கும் யாரும் போகவில்லை என்றால் உங்கள் கடன் 2022லேயே செத்துப்போயிருக்க வேண்டும். செத்த கடனை வசூலிப்பதும் வேறு கம்பெனிக்கு விற்பதும் கூடாது என்று 2015 மார்ச்சிலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் நீங்களாகக் கட்டிவிட்டால் அந்தக் காசு திரும்பி வராது, அதுதான் எனக்குப் பயம்.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் வீடு மாறியிருக்கிறீர்கள். ஃபீனிக்ஸ் வீட்டுக் கதவில் கோர்ட் ஆளான ஷெரிஃப் சம்மன் ஒட்டிவிட்டுப் போய், நீங்கள் வராததால் கோர்ட் தீர்ப்பே கொடுத்திருந்தால் கெடு 3 வருடம் இல்லை, 30 வருடம்! அதனால் முதலில் மகளிடம் சொல்லி உங்கள் கடன் விவரம் இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம்.

தீர்ப்பு எதுவும் இல்லை என்றால், கடனை ஒத்துக்கொள்ளாமல், இது பிரிஸ்கிரிப்ஷன் ஆன கடன், இனி போன் செய்யாதீர்கள் என்று இமெயிலில் எழுதி அனுப்பி, ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் விடவில்லையா, கடன் கொடுப்பவர்களைக் கண்காணிக்கும் நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம் புகார் கொடுங்கள். ஒருவேளை சம்மன் வந்தால் டிராயரில் போட்டுவிடாதீர்கள். 3 வருடம் தாண்டிவிட்டது என்று கோர்ட் தானாகச் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். 10 கோர்ட் நாளுக்குள் எதிர்க்கிறேன் என்று பதில் போட வேண்டும், அதனால் சம்மன் வந்த அன்றைக்கே சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஆபீசுக்குப் போய்விடுங்கள்.